முகம் மறைத்த படம்

சங்கரன்கோவில்
14.4.2014

சசிகலாவுக்கு,

உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தது மறதியால் அல்ல. உன் அம்மா கையில் அறைச் சாவியைக் கொடுத்தபோது நீ குளித்துக்கொண்டிருந்தாய். கொஞ்சம் நின்றிருந்தால் பார்த்திருக்கலாம். நிற்கப் பிடிக்கவில்லை.

நீ போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ அழுவாய், நான் 'பரவாயில்லை' என்று சொல்லிவிடுவேன். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு வரிசை அறையில் இரண்டு வருடம் குடியிருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் நான் இருமுவது உனக்குக் கேட்கும். "ராவெல்லாம் இருமிக்கினே கீறீங்க. எங்க கிளினிக்குல காசநோய் தினத்துக்கு கேம்ப் போடுறோம், வந்து காட்டுங்கக்கா" என்றாய். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸை விட்டிறங்கி யூனிபார்மோடு நேராக வந்தேன். சளி டப்பாவைக் கையில் கொடுத்து, வரிசையில் என்னை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாய். துப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் கிளினிக்கின் பேஸ்புக் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தாய்.

ஒரு வாரம் கழித்து காண்ட்ராக்டரின் ஆள் அண்ணாதுரை கேட்டிலேயே என்னை நிறுத்தினான். கையில் போன்.

"இது நீதானம்மா?"

"மூஞ்சியே தெரியலியே சார்" என்றேன்.

"மூஞ்சி எதுக்கு? நம்பர் கீதே."

சட்டைப் பையின் மேல் தைத்திருக்கும் 'சி 316' பளிச்சென்று தெரிந்தது. சி என்றால் காண்ட்ராக்ட். அது உனக்கும் தெரியும்.

"நாளைலேர்ந்து வராத. சளி பார்ட்டிய லைன்ல வச்சிக்கினா கம்பெனிக்காரன் என்னியதான் கேப்பான்."

"இன்னும் ரிசல்ட்டே வரல சார்."

"ஒண்ணுமில்லன்னு ரிசல்ட் எட்த்துனு வா. அப்பால பாக்கலாம்."

எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். அந்தப் படத்தை எடுத்துவிடு. என் ரிசல்ட்டை வாங்கி அனுப்பு. நோய் இல்லை என்றால் என் இடம் திரும்பக் கிடைக்கும். இருக்கிறது என்றால் மருந்தாவது சாப்பிடலாம். நடுவில் இப்படித் தொங்கிக்கொண்டிருக்க முடியாது.

சந்திரலேகா


பென்னலூர்
23.4.2014

அன்புள்ள லேகா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் அம்மா கையில் கொடுத்துவிட்டார். "போன் கீறப்போ இன்னாத்துக்குடி லெட்டரு? ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு நிஜமாகவே தெரியாது அக்கா. யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்றுதானே முகத்தை மறைத்தேன்? டாக்டர் மறைக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். இதை நீங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு விளக்கமாகச் சொன்னதில்லை. ரிசப்ஷனில் உட்காருவது போக, மாதக் கடைசியில் அடுத்த மாதம் பேஸ்புக் பக்கத்தில் என்னென்ன போடுவது என்று கட்டம் போட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். திங்கட்கிழமை உணவுக் குறிப்பு. புதன்கிழமை டாக்டரின் அறிவுரை. அதை இணையத்தில் பார்த்து நான்தான் எழுதுவேன். வெள்ளிக்கிழமை ஒரு தொழிலாளியின் படம். நடுவில் இதய தினம், சர்க்கரை தினம் என்று ஏதாவது வரும். பண்டிகை வந்தால் வாழ்த்துப் படம். பொங்கலுக்குப் பானையைவிட டாக்டர் முகம் பெரிதாக இருந்தது, பார்த்துச் சிரித்தீர்களே.

சேர்ந்த புதிதில் நிறைய லைக் வாங்கிக் காட்டுகிறேன் என்று சொன்னேன். வனமாமலை டாக்டர் சிரித்தார். "லைக் யாருக்கும்மா வேணும்? ஹெச்.ஆர். பாக்கணும்." கம்பெனி ஹெச்.ஆர்.களும் காண்ட்ராக்டர்களும் பார்த்தால்தான் புதிதாகச் சேருகிறவர்களின் உடல்தகுதிச் சோதனை எங்கள் கிளினிக்குக்கு வரும். அதனால் யூனிபார்ம் போட்டவர்களைத்தான் படம் எடுக்கச் சொல்வார். பக்கத்துக் கிராமத்துக் கிழவி வந்து நின்றால் கேமராவை இறக்கச் சொல்லிவிடுவார்.

ரிசல்ட் பற்றி லேப் வசந்தகுமார் அண்ணனிடம் கேட்கிறேன். அவர் லீவில் இருக்கிறார். படத்தைப் பற்றி டாக்டரிடம் நல்ல நேரம் பார்த்துப் பேசுகிறேன். அவர் கோபக்காரர். இந்த வேலையும் போனால் எங்கள் வீட்டில் அப்பாவின் செக்யூரிட்டி சம்பளம் மட்டும்தான். இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சசி


சங்கரன்கோவில்
2.5.2014

சசிகலாவுக்கு,

முகத்தை மறைத்தது எனக்குச் செய்த உபகாரம் என்கிறாய். சரி. அந்தக் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை செய்தேன். ஒருவனுக்கும் என் முகம் தெரியாது. தலையில் தொப்பி, வாயில் துணி. அந்தக் குளிர்ந்த அறைக்குள் எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான். "முன்னூத்திப் பதினாறு, பாத்ரூம் எத்தினி வாட்டி போவ?" என்பார்கள். சம்பளச் சீட்டில் எண். சாப்பாட்டுக் கூப்பனில் எண். நீ மறைத்தது அங்கே யாருக்கும் தேவைப்படாத ஒன்றை. தேவைப்பட்டதை அப்படியே திறந்து வைத்துவிட்டாய்.

ஹெச்.ஆர். பார்க்க வேண்டும் என்றுதான் படம் போடுகிறீர்கள். பார்த்துவிட்டான். பிறகு எதற்கு 'எனக்குத் தெரியாது' என்று எழுதுகிறாய்?

சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறது. மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். என் அம்மா மாடத்தி, "எதுக்குட்டி வந்துட்ட? வேல போச்சா, வேற எதுவுமா?" என்று தினமும் கேட்கிறாள். நோயா என்று கேட்கவில்லை. அவள் சந்தேகம் வேறு. தெருவிலும் அதே சந்தேகம்தான். ஊரை விட்டுப் போன பெண் திடீரென்று திரும்பி வந்தால், இளைத்துப் போயிருந்தால், அவர்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். ஆனால் உங்கள் கிளினிக்கில்தான் ரிசல்ட் இருக்கிறதே, மறுபடி எதற்கு என்று காத்திருக்கிறேன். நல்ல நேரம் பார்க்காமல் கேள்.

சந்திரலேகா


பென்னலூர்
11.5.2014

லேகா அக்கா,

இதை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

வசந்தகுமார் அண்ணன் லீவு முடிந்து வந்தார். "மார்ச்சு கேம்ப்ல சளி குடுத்தாங்களே, சந்திரலேகான்னு, ரிசல்ட் எங்கண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னா ரிசல்ட்டு?"

"சளி டெஸ்ட்டுண்ணா."

"அந்த டப்பாலாம் அன்னிக்கே குப்பைக்குப் பூட்ச்சே. நம்ம லேப்ல சளி பாக்க ஆள் ஏது? கவர்மெண்ட்டுக்கு அனுப்பணும். அனுப்புன்னு எவனா சொன்னானா? போட்டோக்குன்னு சொல்லித்தானே மெடிக்கல் ஷாப்புல டப்பா வாங்கியாந்தேன்?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் ரத்தச் சோதனைக் கண்ணாடிக் குழாய்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே பிறகு கண்டுபிடிப்பதைவிட இது நல்லது. மார்ச் மாதக் கட்டத்தில் அந்தத் தேதிக்கு நேராக, 'பெண் தொழிலாளி, கையில் சளி டப்பாவுடன் படம்' என்று எழுதியது நான்தான். வெறுமனே வரிசையில் நிற்கிற படம் சாதாரணமாக இருக்கிறது, கையில் ஏதாவது இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். டாக்டர் நல்ல யோசனை என்றார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டப்பாவைச் சோதனைக்கு அனுப்புவார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. டப்பா என்றால் சோதனைதானே என்று நினைத்தேன்.

அக்கா, காத்திருக்காதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சசி


சங்கரன்கோவில்
10.6.2014

சசிகலாவுக்கு,

போனேன். நோய் இருக்கிறது. இரண்டாம் நாளே சொல்லிவிட்டார்கள். சளியை ஒரு கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், அவ்வளவுதான். காசு கேட்கவில்லை, படம் எடுக்கவில்லை.

எனக்கு எதன் மேல் கோபம் என்று யோசித்துப் பார்த்தேன். நோய் வந்ததற்காக வேலை போயிருந்தால் அது ஒரு காரணம். சோதனை செய்ததற்காகப் போயிருந்தாலும் ஒரு காரணம். நான் சோதனை செய்துகொள்வது போல நின்ற ஒரு படத்துக்காக வேலை போயிருக்கிறது. உங்கள் குப்பைத் தொட்டியில் கிடந்த சளிக்கு ரிசல்ட் வரும் என்று இங்கே காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்துக்கு மேலே நீ எழுதிய வரி நினைவிருக்கிறதா? 'உங்கள் இருமலை நாங்கள் கேட்கிறோம்.' நன்றாக எழுதுகிறாய்.

ஆறு மாதம் மருந்து. ஒன்று விட்டு ஒரு நாள் துணை சுகாதார நிலையத்துக்குப் போய், நர்ஸ் உலகம்மாள் முன்னால் விழுங்க வேண்டும். "வாயத் தொறட்டி. நாக்கத் தூக்கு. முழுங்கிட்டேன்னு எல்லாவளும்தான் சொல்லுதாளுவ, வெளிய போயித் துப்புதாளுவ" என்று பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி கத்துகிறாள். கத்தினாலும் நல்லவள். ஆறு மாத மருந்தையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே என் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். வேறு யாருக்கும் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாதாம். "இது ஒனக்குன்னு உள்ளதுட்டி" என்றாள். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுதேன்.

வீட்டில் என் தட்டு, டம்ளர் தனி. அம்மாவுக்கு இப்போது நிம்மதி. 'நெஞ்சுச் சளி' என்று தெருவில் தைரியமாகச் சொல்லிக்கொள்கிறாள்.

பதில் எழுத வேண்டாம்.

சந்திரலேகா


பென்னலூர்
20.8.2014

லேகா அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன்.

படத்தை எடுத்துவிட்டேன். டாக்டரைக் கேட்காமலே எடுத்தேன். ஒரு மாதம் அவர் கவனிக்கவே இல்லை. பிறகு கூப்பிட்டார்.

"அதை ஏம்மா எடுத்தே? நம்ம பேஜ்லயே அதுதான் நல்லாப் போச்சு."

"டெஸ்ட்டே பண்ணலையே சார். அந்தக்காவுக்கு நெஜமாவே நோய் இருந்திருக்கு."

"கேம்ப்னா விழிப்புணர்வும்மா. டெஸ்ட் பண்றோம்னு எங்கயாச்சும் போட்டிருந்தமா? நீதானே எழுதினே, படிச்சுப் பாரு."

படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எங்கேயும் இல்லை. யாரும் சொல்லித் தராமலே, சிக்காத மாதிரி எழுத எனக்கு வந்திருக்கிறது.

எடுத்தும் பெரிய பிரயோசனம் இல்லை அக்கா. காண்ட்ராக்டர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் படம் சுற்றுகிறதாம். படத்தில் உங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

வேலையை விட்டுவிடலாம் என்று அப்பாவிடம் பேச்சுக்குச் சொன்னேன். அவர் அப்போதுதான் நைட் டூட்டி முடிந்து வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வுட்டுட்டு இன்னா பண்ணுவ? லைனுக்குப் போவியா?" என்றார். உங்களைப் போலக் கம்பெனி லைனில் நிற்க எனக்குப் பயம். இதைப் படித்தால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும்.

மருந்தை விடாமல் சாப்பிடுகிறீர்கள்தானே?

சசி


சங்கரன்கோவில்
5.10.2014

சசிகலாவுக்கு,

வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

என்னோடு அறையில் இருந்த பாண்டிச்செல்வி இப்போது ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். பெண்களை எடுக்கிறார்களாம். வேறு காண்ட்ராக்டர். தங்க ஹாஸ்டல். தீபாவளி முடிந்து அடுத்த திங்கட்கிழமை உடல்தகுதிச் சோதனை. அது உங்கள் கிளினிக்கில்தான்.

பழைய எண்தான் அவர்கள் குரூப்பில் சுற்றுகிறது. புதிய கம்பெனியில் புதிய எண் கொடுப்பார்கள். ஆக, நான் புதிய ஆள். இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

காய்ச்சல் நின்றுவிட்டது. உடம்பும் தேறிவிட்டது. நான்கு மாத மருந்து உள்ளே போயிருக்கிறது. மீதியை விட்டுவிடப் போகிறேன். அங்கே எந்த ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாலும் எவனாவது பார்ப்பான். உலகம்மாளிடம் சொன்னேன், அடிக்க வந்தாள். அவளா எனக்குச் சோறு போடுவாள்?

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். திங்கட்கிழமை ரிசப்ஷனில் நீ இருப்பாய். என்னைத் தெரிந்த மாதிரி காட்டாதே. அக்கா என்று கூப்பிடாதே. நீங்கள் நிரப்பச் சொல்லும் பாரத்தில் காசநோய் இருந்ததா என்று கேட்டிருக்கும். இல்லை என்று எழுதுவேன். வாங்கிக்கொள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே. எண்ணைச் சொல்.

சந்திரலேகா


பென்னலூர்
11.10.2014

அக்கா,

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். எக்ஸ்ரேவுக்குப் பயப்படாதீர்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இங்கே எக்ஸ்ரே எடுப்பதில்லை, எடுத்ததாகச் சீல் வைப்பார்கள். சோதிக்காமல் சோதித்ததாகச் சொன்னதுதான் உங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது. இப்போது அதுவே உங்களுக்கு வேலையும் கொடுக்கப் போகிறது. இதை எழுதவே கை கூசுகிறது.

ஆனால் மருந்தை நிறுத்தாதீர்கள். பாதியில் விட்டு நோய் திரும்பினால் இந்த மருந்து கேட்காதாம். 'மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்' என்று எங்கள் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன், எங்கிருந்தோ எடுத்து. அதற்கு அர்த்தம் இப்போதுதான் தெரிகிறது.

நேற்று ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசாரித்தேன். சொந்தக்காரர் அல்லாத யாரும் பொறுப்பேற்றுக்கொண்டு, தன் முன்னால் விழுங்க வைக்கலாமாம். பெயர் எழுதிய பெட்டியையே நம் கையில் கொடுப்பார்களாம். உங்கள் நர்ஸிடம் மாற்றல் சீட்டு மட்டும் வாங்கி அனுப்புங்கள். பெட்டி எங்கள் வீட்டில் இருக்கட்டும். வரிசையில் நிற்க வேண்டாம். ஒன்று விட்டு ஒரு நாள் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் போதும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அது எம்மாத்திரம், ஒரு சொம்புத் தண்ணி தானே" என்றாள்.

சசி


சங்கரன்கோவில்
18.10.2014

சசி,

மாற்றல் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உலகம்மாள் உன்னை விசாரித்தாள். "அந்தப் பிள்ளை நாக்கத் தூக்கச் சொல்லிப் பாக்குமா?" என்றாள்.

திங்கட்கிழமை கிளினிக் முடிந்ததும் மாலையில் வீட்டுக்கு வருகிறேன். வீட்டில் நீ எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு.

லேகா


பென்னலூர்
9.11.2014

அன்புள்ள லேகா அக்காவுக்கு,

இதை உங்கள் ஊர் விலாசத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது, பாண்டிச்செல்வி அக்காவின் போன் நம்பர் என்னிடம் இல்லை. உங்கள் அம்மா இதை எப்படியாவது உங்களிடம் சேர்த்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

அன்றைக்கு நீங்கள் சொன்னபடிதான் நடந்தேன். அன்றைய கிளினிக் வரிசை எண்ணைச் சொல்லி, 'இருபத்திநாலு' என்று கூப்பிட்டேன். நீங்கள் எழுந்து வந்து பாரத்தைக் கொடுத்தீர்கள். உங்கள் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் நிமிரவில்லை. சீல் வைத்த பாரத்தை வாங்கிக்கொண்டு நீங்கள் பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்தீர்கள்.

அப்போதுதான் டாக்டர் கதவைத் திறந்து, "சசி, எல்லாரையும் ஒரு போட்டோ எடும்மா, வெள்ளிக்கிழமை போஸ்ட்டுக்கு" என்றார்.

நான் போனை எடுத்தேன். இத்தனை மாதப் பழக்கம், கை தானாக எடுத்துவிட்டது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தீர்கள். உங்கள் கை சட்டென்று நெஞ்சின் இடப்பக்கத்தை மூடியது. அன்றைக்கு நீங்கள் சுடிதார் போட்டிருந்தீர்கள். அதில் பையும் இல்லை, எண்ணும் இல்லை. ஆனாலும் மூடினீர்கள்.

நான் வாசலில் கிடந்த செருப்புகளைத்தான் எடுத்தேன் அக்கா. சத்தியமாக. "என்னம்மா இது, ஆளுங்களே இல்ல?" என்று டாக்டரே அந்தப் படத்தைத் தள்ளிவிட்டார். ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் நிமிர்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அன்று மாலை அம்மா சொம்பை விளக்கி வைத்திருந்தாள். அடுத்த நாளும் வைத்தாள். பிறகு நான்தான் வேண்டாம் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, மாற்றல் சீட்டைக் கொடுத்து ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருந்த மருந்துப் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரகடம் ஹாஸ்டலுக்குப் போனேன். கேட்டில் மஞ்சள் பூச்செடி வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேனிடம் சந்திரலேகா என்றேன். சங்கரன்கோவில், மாநிறம், நெற்றியில் சின்னத் தழும்பு என்றேன். பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயரைக்கூடக் காட்டினேன்.

"பேருலாம் இங்க யாருக்கும்மா தெரியும்? எரநூறு பொண்ணுங்க கீது. டோக்கன் நம்பர் இன்னா?"

கம்பெனியில் உங்களுக்குக் கொடுத்த நம்பர் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பஸ்ஸில் இறங்கி உள்ளே போகிறவர்கள் எல்லோரும் ஒரே தொப்பி, வாயில் ஒரே துணி. யாரோ ஒருத்தி இருமினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். நீங்கள் இல்லை.

பெட்டி எங்கள் வீட்டு டி.வி.க்கு மேலே இருக்கிறது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள், போதும்.

உங்கள் நம்பர் என்ன அக்கா?

சசி